சுகாதாரப் பாடம்: காசநோயைக் காட்டிக்கொடுக்கும் வெளிச்சம்

இருமல் என்றால் நம்ம தோட்டங்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பனிக்காலம், நனைந்த கம்பளி, அடுப்புப் புகை, பேக்டரித் தூசி என்று நாலு காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். கொத்தமல்லி அவித்துக் குடிப்போம், இரண்டு நாளைக்கு டிஸ்பென்சரியில் பாணி மருந்து வாங்குவோம். அதற்கு மேல் யார் யோசிக்கிறார்கள்? ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும்.

ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் விடாமல் இருமினால் அது வேறு கணக்கு. பின்னேரமானால் லேசான காய்ச்சல், ராத்திரியில் போர்வை நனையும் அளவுக்கு வியர்வை, சாப்பாடு வேண்டாம் என்ற எண்ணம், சட்டை தொளதொள என்று ஆகும்படி உடம்பு மெலிதல், சிலருக்குச் சளியோடு ரத்தம். இதில் ஒன்றிரண்டு இருந்தாலும் அது காசநோயாக இருக்கலாம். பெரியவர்கள் சயரோகம் என்பார்கள், இளைஞர்கள் டி.பி. என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

அந்தக் காலத்து வியாதி, இப்போது இல்லை என்று நினைக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ ஒரு கோடியே 8 இலட்சம் பேருக்கு இந்த நோய் கண்டது, பன்னிரண்டரை இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குக் கொடுத்திருக்கிறது. மருந்து இருந்தும் இத்தனை சாவு. நோய் இருக்கிறது என்று தெரிய வரும் முன்பே நாட்கள் ஓடிவிடுவது அதற்கு ஒரு முக்கிய காரணம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், ஒருவர் இருமிக்கொண்டே இருக்கும் ஒவ்வொரு ராத்திரியும் மற்ற ஐந்து பேருக்கும் ஆபத்துதான். கிருமி காற்றில்தான் வருகிறது.

அதனால் இந்த முறை பாடம், காசநோயைக் கண்டுபிடிப்பது பற்றி. சளிக்குள் இருக்கும் கிருமியை வெளிச்சத்தை வைத்தே அடையாளம் காணும் கருவி வந்திருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, அதை நம்பலாமா, அதற்கு நாம் என்ன கொடுக்க வேண்டும் என்று பார்ப்போம். கொஞ்சம் விஞ்ஞானம் வரும். பயப்பட வேண்டாம்.

கண்ணாடித் தட்டில் சிவப்புக் கோடு

காசநோய்க்குக் கிருமிதான் காரணம் என்று ஜெர்மனியைச் சேர்ந்த டொக்டர் ரொபர்ட் கொக் பெர்லின் நகரத்தில் அறிவித்தது 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி. அந்த நாளைத்தான் உலகக் காசநோய் தினமாக வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே முறைதான் பெரும்பாலும் நடந்தது. சளியைக் கண்ணாடித் தட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. கிருமி இருந்தால் நீல நிறப் பின்னணியில் சின்னச் சிவப்புக் கோடு மாதிரித் தெரியும். ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 300 கிருமிகளை வரிசையாகப் படுக்க வைக்கலாம், அவ்வளவு சிறியது.

மலிவான முறை, நல்ல முறை, இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் அதில் ஒரு குறை. சளி ஒரு மில்லிலீட்டரில் 5,000 முதல் 10,000 கிருமி வரை இருந்தால்தான் அது கண்ணில் படும். மில்லிலீட்டர் என்றால் தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் ஆயிரம் கிருமி இருந்தால்? பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தவறிப் போகலாம். துண்டில் "கிருமி காணப்படவில்லை" என்று எழுதி வரும். நாம் அதை "நோய் இல்லை" என்று படித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இந்த இரண்டு வசனத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில்தான் பல வீடுகள் மாட்டிக்கொள்கின்றன.

இன்னொரு முறை, கிருமியை வளர்த்துப் பார்ப்பது. நாற்று மேடையில் செடி வளர்க்கிற மாதிரி, சத்துள்ள கூழில் சளியைப் போட்டு முளைக்கவிடுவது. கொஞ்சம் கிருமி இருந்தாலும் இதில் தெரியும். ஆனால் காசநோய்க் கிருமி சோம்பேறி. வயிற்றோட்டம் தரும் சில கிருமிகள் இருபது நிமிஷத்தில் இரண்டாகப் பிரியும். இது ஒன்று இரண்டாக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். ஆகவே பதில் வர இரண்டு கிழமையிலிருந்து எட்டுக் கிழமை வரை ஆகும். அதுவரை இருமுகிறவர் அதே காம்பராவில்தான் படுத்திருப்பார்.

கிருமியின் அடையாள அட்டை

ஒவ்வொரு உயிருக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. உடம்பை எப்படிக் கட்டுவது என்ற செய்தி அதில்தான் எழுதியிருக்கிறது. எழுத்து நாலே நாலு. அந்த நாலு எழுத்தும் எந்த வரிசையில் வருகின்றன என்பதை வைத்து இது மாடு, இது மனிதன், இது தேயிலைச் செடி என்று பிரித்துச் சொல்லலாம். காசநோய்க் கிருமியின் எழுத்து வரிசை முழுவதையும் விஞ்ஞானிகள் படித்து முடித்து 1998இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்து. அதில் சில பகுதிகள் வேறு எந்தக் கிருமியிலும் அப்படியே இருப்பதில்லை. நம்ம அடையாள அட்டை நம்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சங்கிலிக்கு ஒரு குணம் உண்டு. அது இரட்டைச் சங்கிலி. ஒரு பக்கத்தில் ஒரு எழுத்து இருந்தால் எதிர்ப் பக்கத்தில் அதற்கு ஜோடியான எழுத்துத்தான் நிற்கும். கொக்கியும் வளையமும் மாதிரி. ஆகவே ஒரு பக்கத்துத் துண்டை நாம் ஆய்வுகூடத்தில் செய்து சளிக்குள் விட்டால், அது தன் ஜோடியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஜோடி இல்லாவிட்டால் சும்மா மிதக்கும். ஒட்டியதா இல்லையா என்று நமக்குத் தெரிவிக்க ஒரு வழி வேண்டும். அந்த வேலையை வெளிச்சத்திடம் கொடுத்தால் அதுதான் ஒளி உயிருணரி. ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ஒப்டிக்கல் பயோசென்சர். ஒரு பக்கம் உயிர்ப் பொருள் ஒன்று கிருமியைப் பிடிக்கும், மறு பக்கம் ஒளி அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி

சளியில் இருக்கும் கிருமி நூறு, இருநூறு என்றால் அதிலிருந்து வரும் வெளிச்சம் போதாது. அதனால் முதலில் அந்த டி.என்.ஏ. துண்டைப் பெருக்க வேண்டும். அமெரிக்காவில் கெரி மல்லிஸ் என்பவர் 1983இல் இதற்கு வழி கண்டார், 1993இல் நோபல் பரிசும் வாங்கினார். சங்கிலியைச் சூடாக்கினால் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். ஆறவைத்தால் ஒவ்வொரு பக்கமும் புது ஜோடியைக் கட்டிக்கொள்ளும். ஒன்று இரண்டாயிற்று. மறுபடி சூடு, மறுபடி ஆறவைப்பு, நாலு. இப்படி 30 சுற்றுப் போனால் ஒரே ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். நம்பிக்கை இல்லாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்து இரண்டால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூடிய விளக்கு

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். வங்கியில் காசுத்தாளை ஊதா விளக்குக்குக் கீழே பிடித்தால் சாதாரணமாகத் தெரியாத சில கோடுகள் பளிச்சென்று எரியும், பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி, ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பிக் கொடுக்கும் சாயங்கள் இருக்கின்றன.

1996இல் நியூயோர்க்கில் சஞ்சய் தியாகி, பிரெட் கிரேமர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு உபாயம் செய்தார்கள். சின்ன டி.என்.ஏ. துண்டு ஒன்றைக் கொண்டைஊசி மாதிரி வளைத்தார்கள். ஒரு நுனியில் ஒளிரும் சாயம், மறு நுனியில் அந்த ஒளியை அணைத்துவிடும் பொருள். ஊசி மூடியிருக்கும்வரை இரண்டு நுனியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வெளிச்சம் வராது. குப்பி லாம்பைத் தகரப் பேணியால் மூடி வைத்த மாதிரி. காசநோய்க் கிருமியின் சங்கிலியைக் கண்டு அதோடு ஒட்டும்போது ஊசி விரிந்துவிடும், நுனிகள் விலகிவிடும், சாயம் ஒளிரும். பேணியைத் தூக்கியாயிற்று. கருவிக்குள் இருக்கும் ஒளி உணரும் கண் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும்.

ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற கருவி இந்த உபாயத்தில்தான் வேலை செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதைக் காசநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று 2010 டிசம்பரில் அங்கீகாரம் கொடுத்தது. சளியில் ஒரு திரவத்தைக் கலந்து பதினைந்து நிமிஷம் வைப்பார்கள். சளியும் இளகும், கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும், வேலை செய்கிறவருக்கும் ஆபத்துக் குறையும். பிறகு அதைக் கார்ட்ரிட்ஜ் என்ற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஊற்றிக் கருவியில் செருகுவார்கள். மற்றதெல்லாம் உள்ளேயே நடக்கும். கிருமியை அதிரவைத்து உடைப்பது, டி.என்.ஏ.யை வெளியே எடுப்பது, சூடாக்குவது, ஆறவைப்பது, ஒளி பார்ப்பது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பதில் வந்துவிடும். நுணுக்குக்காட்டிக்கு ஆயிரக்கணக்கில் கிருமி வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? முதலில் வந்த கார்ட்ரிட்ஜுக்கு மில்லிலீட்டருக்கு 130 போதும். 2017இல் அங்கீகாரம் பெற்ற அல்ட்ரா என்ற அடுத்த வகைக்கு 16 அளவிலேயே தெரிகிறது.

விளக்கு எத்தனையாவது சுற்றில் எரிந்தது என்பதையும் கருவி பார்க்கும். சீக்கிரம் எரிந்தால் கிருமி நிறைய, தாமதமாக எரிந்தால் கொஞ்சம்.

எரியாத விளக்கும் பேசும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதலில் வந்த கார்ட்ரிட்ஜில் ஆறு நிறத்தில் ஆறு விளக்கு இருந்தது. ஆறாவது விளக்கு, கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்று பார்ப்பதற்கு. மற்ற ஐந்தும் கிருமியின் ஒரே இடத்தை, 81 எழுத்துள்ள ஒரு சின்னப் பகுதியை, பங்கு போட்டுப் பார்க்கும். ஏன் அந்த இடம்? காசநோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்து ரிபாம்பிசின். சிறுநீரைச் செம்மஞ்சளாக்குமே, அந்த மருந்துதான். அதற்கு அடங்காத கிருமிகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் இந்த 81 எழுத்துக்குள்தான் ஏதாவது ஒன்று மாறியிருக்கும்.

ஐந்து விளக்கும் எரிந்தால், காசநோய் இருக்கிறது, ரிபாம்பிசின் கேட்கும். நாலு எரிந்து ஒன்று எரியாவிட்டால், காசநோய் இருக்கிறது, ஆனால் அந்த ஒன்று பார்த்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது, வழக்கமான மருந்து கேட்காமல் போகலாம். இதை முன்பெல்லாம் தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நோயாளி கேட்காத மருந்தை விழுங்கிக்கொண்டு, அதே கிருமியை வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார். அல்ட்ரா வகையில் விளக்குகளின் அமைப்புக் கொஞ்சம் வேறு. அடிப்படை இதேதான்.

இன்னும் வேறு வகைகள்

இந்தியாவில் கோவாவில் செய்யப்படும் ட்ரூநெட் என்ற கருவி பற்றரியிலும் ஓடும். கரண்ட் அடிக்கடி போகும் இடங்களுக்கு ஏற்றது. 2020இல் அதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்தது. அதுவும் ஒளியைத்தான் பார்க்கிறது.

ஆய்வுகூடங்களில் இன்னும் வேலை நடக்கிறது. தங்கத்தை மிக மிகச் சிறிய துகளாக்கித் தண்ணீரில் விட்டால் அது மஞ்சளாக இருக்காது, சிவப்பாக இருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று கட்டிப்பட்டால் நீலமாகிவிடும். போர்த்துக்கல் நாட்டு ஆய்வாளர்கள் இந்தத் துகளில் காசநோய் டி.என்.ஏ.க்கு ஜோடியான துண்டைக் கட்டி, நோயாளிகளின் மாதிரிகளில் சோதித்து 2006இல் எழுதினார்கள். உப்பைச் சேர்க்கும்போது, கிருமியின் டி.என்.ஏ. இருந்தால் சிவப்பு மாறாது, இல்லாவிட்டால் நீலமாகும். ரோலரிலிருந்து வந்த கொழுந்து பச்சை போய்ச் செம்பு நிறமாவதைப் பார்த்து டீமேக்கர் அடுப்புக்கு விடச் சொல்கிறார் இல்லையா, அதே மாதிரி நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு. ஆனாலும் சளியிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் வேலை அதற்கு முன்னால் இருக்கிறது, அதுதான் சிரமம்.

மற்றொன்றில் சாயமே வேண்டாம். கண்ணாடி மேல் மெல்லிய தங்கப் பூச்சு, அதன் மேல் ஜோடித் துண்டுகள். கீழிருந்து சரிவாக ஒளியை அடித்தால் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் தங்கம் அந்த ஒளியை விழுங்கும். மேலே ஏதாவது வந்து ஒட்டினால் அந்தக் கோணம் கொஞ்சம் நகரும். இந்த முறையை உணரியாகப் பயன்படுத்தலாம் என்று சுவீடனில் 1983இல் காட்டினார்கள். காசநோய்க்கு இது இன்னும் ஆராய்ச்சி மேசையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. நம்ம ஊர் கிளினிக்கில் எதிர்பார்க்க வேண்டாம்.

எச்சில் வேண்டாம், சளி வேண்டும்

கருவி எவ்வளவு கெட்டிக்காரமாக இருந்தாலும் கப்பில் இருப்பதைத்தான் பார்க்கும். ஒரு தோட்டத்தில் நாற்பது வயது அம்மா ஒருவர், மூன்று மாத இருமல். கப்பைக் கொடுத்தபோது வெட்கப்பட்டு, சனத்துக்கு முன்னால் இரண்டு தரம் துப்பிக் கொடுத்தார். வெறும் எச்சில். கிருமி இல்லை என்று வந்தது. மருமகளிடம் "எனக்கு ஒன்னுமில்லடி, சும்மா குளிர்தான்" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனார். அடுத்த மாதம் மிட்வைப் அம்மா விடாமல் பேசி, இந்த முறை விடிய முன் எழுந்து சரியாக எடுத்த சளி போயிற்று. கிருமி இருந்தது. அதற்குள் பேரப்பிள்ளைக்கும் இருமல். அம்மாவும் பிள்ளையும் இப்போது சுகம். ஆனால் அந்த ஒரு மாதம் தேவையில்லாதது.

சளி எடுப்பது இப்படி. காலையில் எழுந்ததும், தேத்தண்ணிக்கு முன்னால், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். இஸ்தோப்பில் வேண்டாம், பிள்ளைகள் இருப்பார்கள். வெளியே காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கொஞ்சம் பிடித்து விடுங்கள், இரண்டு மூன்று தரம். பிறகு அடி நெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியாக, பிசுபிசுவென்று வருவதுதான் சளி. மூடியை இறுக்கி, வெயில் படாமல், அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். வெட்கத்துக்கு இதில் இடமில்லை.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

இந்தச் சோதனைக்குக் காசு கட்ட வேண்டுமா? அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் சோதனையும் மருந்தும் இலவசம். கருவி எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. நம்ம நாட்டில் தெரிவுசெய்யப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது. ஆனால் ஆள் போகாமலே சளியை மட்டும் அனுப்ப முடியுமா என்று டிஸ்பென்சரி ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் பேர் மிஞ்சும்.

கருவி இல்லை என்றால் இல்லைதானா? முழுக்க அப்படி இல்லை. சளியில் கிருமி இல்லாமல் கழுத்துக் கட்டியிலோ எலும்பிலோ காசநோய் இருக்கலாம், அதற்கு வேறு சோதனை. சின்னப் பிள்ளைகளுக்குச் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு மலத்திலும் இந்தக் கருவியால் பார்க்கலாம். இருமல் நிற்கவில்லை என்றால் துண்டைப் பார்த்துத் திருப்திப்படாமல் மறுபடி போங்கள், எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்கள்.

கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருந்தால் தெரியுமா? இதில் தெரியாது. அதற்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது.

வீட்டில் தட்டு, கோப்பை எல்லாம் தனியாக வைக்க வேண்டுமா? வேண்டாம். பாத்திரத்தால் இது பரவாது, பரம்பரையாகவும் வராது. நோய் வந்த குடும்பத்தில் பெண் எடுக்கக் கூடாது என்று பேசுவதும் அறியாமைதான். சரியான மருந்து தொடங்கிச் சில கிழமைகளிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடுவதும்தான் முக்கியம். வீட்டில் உள்ள மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும், கூப்பிட்டு அனுப்புவார்கள், ஒளிய வேண்டாம்.

ஆறு மாத மருந்தில் இரண்டு மாதம் முடிந்தது, சுகமாக இருக்கிறேன், அந்தக் கருவியிலேயே மறுபடி பார்த்து நிறுத்தலாமா? இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. டி.என்.ஏ.க்கு உயிருள்ள கிருமி, செத்த கிருமி என்ற வித்தியாசம் தெரியாது. மருந்தில் செத்துப்போன கிருமியின் சங்கிலியும் சளியில் வந்துகொண்டிருக்கும், விளக்கும் எரியும். அதனால்தான் மருந்து குடிக்கும் காலத்தில் பழைய நுணுக்குக்காட்டியிலும் வளர்ப்புச் சோதனையிலும் பார்க்கிறார்கள். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து என்பது வழக்கமான கணக்கு. இடையில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மறுபடி பெருகும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். அப்போது அடுத்த தடவை சளியைக் கருவியில் வைக்கும்போது ஐந்தில் ஒரு விளக்கு எரியாது.